கடையில் ஓடிய கணினி



சென்ற இதழ் நான்கு நாள் தாமதமாக வந்தது. முகவர்கள் போனில் கேட்டார்கள். வாசகர்களான நீங்கள் அஞ்சலட்டையில் கேட்டீர்கள். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு வரி போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தக் கோளாறு எங்களை ஆட்டிவைத்த கதையைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

எங்கள் பக்கங்கள் இன்னமும் பேஜ்மேக்கரில்தான் உருவாகின்றன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். பழைய எழுத்துருக்களில் இத்தனை வருட இதழ்கள் கிடப்பதால், விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு கிழட்டுக் கணினியை இதற்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். இதழ் முடிக்கும் வாரத்தில் அது நினைத்த நேரத்துக்கு அணைந்து, தானே மறுபடி எழத் தொடங்கியது.

"ராம் போயிருக்கும் சார்" என்றார் லே-அவுட் தம்பி. மாற்றினோம். எஸ்எம்பிஎஸ் என்றார் இன்னொருவர். அதையும் மாற்றினோம். சர்வீஸ் கடையில் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அலுவலகம் வந்து ஒரு மணி நேரத்தில் பழையபடி விழுந்தது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி!

புரூஃப் பார்க்கும் அக்காவுக்குக் கணினி பற்றி அதிகம் தெரியாது. அவர்தான் கேட்டார்: "கடையில நெட் ஒயரைச் செருகியிருப்பாங்களா?"

செருகியிருக்க மாட்டார்கள். அலுவலகத்தில்தான் அது செருகியே இருந்தது.

போன மழைக்காலத்தில் இடி இறங்கி, மதர்போர்டிலேயே இருந்த லேன் போர்ட் கருகிவிட்டது. பழைய சாமான் பெட்டியிலிருந்து ஒரு பிசிஐ நெட்வொர்க் கார்டைத் தேடி எடுத்துச் செருகியவன் நான்தான். அதை மறந்தும் போனேன்.

எக்ஸ்பியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பிழை வந்தால், பிழை விவரம் காட்டும் நீலத்திரையைப் படிக்க விடாமல் கணினியே ரீஸ்டார்ட் ஆகிவிடும். மை கம்ப்யூட்டரின் பிராப்பர்ட்டீஸில், அட்வான்ஸ்டு பகுதிக்குள் போய், தானே ரீஸ்டார்ட் ஆவதற்கான டிக்கை எடுத்தோம். அடுத்த முறை திரை அப்படியே நின்றது. அதில் நெட்வொர்க் கார்டின் டிரைவர் பெயர் இருந்தது.

ஒரு சாதாரண மென்பொருள் தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் அப்படியல்ல, இயங்குதளத்தின் கருவறைக்குள் நின்று வேலை செய்வது. அது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால், தகவல்கள் கெடுமுன் விண்டோஸ் மொத்த இயக்கத்தையும் நிறுத்திவிடும். போதாததற்கு, இந்த வகைக் கார்டுகள் வரும் தகவலைப் பிராசஸரை எதிர்பாராமல் நேரே ராமில் கொண்டுபோய் எழுதுபவை. கார்டு தடுமாறினால், பார்ப்பவர்களுக்கு ராம் கெட்ட மாதிரியே தோன்றும். தம்பி சொன்னதில் அவ்வளவு பிசகில்லை.

இருந்தாலும் ஒரு பெயரைப் பார்த்ததும் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று பொறுத்தோம். கார்டின் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்தோம், ஸ்லாட் மாற்றினோம், டிரைவரை மறுபடி போட்டோம். ஒன்று செய்தபின்தான் அடுத்தது. எதற்கும் மசியவில்லை. கார்டைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் பென்டிரைவில் கோப்புகளைச் சுமந்தோம், ஒருமுறைகூட விழவில்லை. திரும்பச் செருகி, படங்கள் நிறைந்த ஃபோல்டரை அனுப்பினோம். பாதியில் நீலம்! புதிய கார்டு நானூறு ரூபாய். அதற்கு முன்னால் ராமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கொட்டிய பணத்தைக் கணக்குப் பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக் கணினியும் இப்படி விழுந்தால், ஸ்குரூடிரைவரைத் தேடும் முன் திரையை செல்போனில் படமெடுங்கள். அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். அடுத்த இதழ் ஒன்றாம் தேதியே கடைகளில் கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்