உல்லாச நகரமும் தீயணைப்பும்

இங்கிலாந்தில் பெட்போர்டுக்கு அருகே, பழைய செங்கல் சூளைகள் இருந்த இடத்தையும் சேர்த்து 476 ஏக்கர் நிலத்தில், அமெரிக்காவின் யூனிவர்ஸல் கம்பெனியார் மாபெரும் உல்லாச நகரமொன்றை நிர்மாணிக்கப் போவதாக 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தனர். 2031-ல் திறக்க உத்தேசம். முதல் வருஷத்திலேயே 85 லட்சம் ஜனங்கள் வருவார்களென்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது, சராசரி தினம் ஒன்றுக்கு 23,000 பேர். 2021-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி பெட்போர்டு வட்டாரத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 1,85,000. அதில் எட்டில் ஒரு பங்குக்குச் சமமான கூட்டம், வழியும் வாசலும் அறியாத கூட்டம், குழந்தை குட்டிகளுடன் தினந்தோறும் ஓரிடத்தில் கூடப்போகிறது. விடுமுறை நாட்களின் நெருக்கத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இதனால் கிடைக்கும் உத்தியோகங்களைப்பற்றிய பேச்சு பலமாயிருக்கிறது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அஸ்திவாரம் போடுமுன்பே விடை கிடைத்தாக வேண்டும்.

இதை வீண் பீதி என்று தள்ளுவோர் ஐல் ஆவ் மான் தீவிலுள்ள டக்ளஸ் நகரத்தை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே 1971-ல் ‘சம்மர்லாந்து’ என்ற உல்லாச மாளிகை வெகு ஆடம்பரமாகத் திறக்கப்பட்டது. வெளிச்சுவர் தீயைத் தடுத்து நிற்கவேண்டும் என்ற கட்டட விதி அதன் விஷயத்தில் தளர்த்தப்பட்டது. சுவரிலும் கூரையிலும் ஆக்ரிலிக் தகடுகள் பதிக்கப்பட்டன. 1973 ஆகஸ்டு 2-ந் தேதி மாலை, வெளியே கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சிறு கடையில் சிறுவர்கள் புகை பிடித்ததால் மூண்ட நெருப்பு சுவரைப் பற்றி உள்ளே புகுந்தது. அப்போது உள்ளே சுமார் 3,000 பேர் இருந்தனர். வெளியேறும் கதவுகளிற் சில பூட்டிக் கிடந்தன. பெற்றோர் பலர் வாசலை நோக்கி ஓடவில்லை. வேறு தளத்தில் விளையாடிக்கொண்டிருந்த தங்கள் குழந்தைகளைத் தேடி, இறங்கிவரும் கூட்டத்தை எதிர்த்து ஓடினர். இது இயற்கைதானே? ஆனால் படிக்கட்டின் அகலத்தைக் கணக்கிட்டவர்கள் இதைக் கணக்கிடவில்லை. தீயணைப்புப் படைக்கு முதற் செய்தி போனபோது இருபது நிமிஷத்துக்கு மேலாகிவிட்டது. அச்செய்தியும் மாளிகையிலிருந்து போனதன்று. வெளியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னது. ஐம்பது பேர் மாண்டனர். விசாரணைக் கமிஷனோ, வில்லன் என்று எவரையும் சொல்வதற்கில்லை, மனிதர்களின் தவறுகளே காரணம் என்று முடித்துவிட்டது! விதியைத் தளர்த்தியவர்களுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

அன்னிய தேசத்துக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். 2024 மே 25-ந் தேதி ராஜ்கோட் நகரில் ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்து, குழந்தைகள் உட்பட 27 பேர் கருகி மாண்டதை நாம் மறப்பதற்கில்லை. தீயணைப்பு இலாகாவின் சம்மதப் பத்திரமே இல்லாமல் அது நடந்து வந்தது. மறுநாளே குஜராத் ஹைகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்து, இது மனிதர் உண்டாக்கிய விபத்தாகவே தோன்றுகிறதென்று கூறிற்று. டக்ளஸில் விதி தளர்ந்தது. ராஜ்கோட்டில் விதி உறங்கிற்று.

ஆகையால், பெட்போர்டிலாயினும் நம் நாட்டிலாயினும், இத்தகைய உல்லாச நகரங்களுக்கு அனுமதி தருமுன் தீயணைப்பு அதிகாரிகளைக் கலந்து கொள்வது மட்டும் போதாது. அவர்கள் மறுத்தால் திட்டம் நிற்கவேண்டும். தீயணைப்பு நிலையமும் அதற்கு வேண்டிய நீர்த்தேக்கமும், முதல் டிக்கட்டு விற்குமுன் கம்பெனியாரின் செலவிலேயே தயாராக வேண்டும். உள்ளூர் வரிகொடுப்போர் தலையில் அதைச் சுமத்துவது அநியாயம். ஒரு பாதை அடைபட்டாலும் வண்டிகள் வர இரண்டாவது பாதை இருக்கவேண்டும். சிப்பந்திகளுக்கு ஒத்திகை பகலில் மட்டுமல்ல, விளக்கணைத்த இரவிலும் நடக்கவேண்டும். எந்த விதியிலாவது விலக்களிப்பதானால், அளிக்கும் அதிகாரியின் பெயரையும் அவர் சொல்லும் காரணத்தையும் எழுதி, ஜனங்கள் படிக்கும்படி அந்த உல்லாச நகரத்தின் வாசலிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.