முட்டைக்கோசு சூப்பும் விண்வெளி விருந்தாளியும்

விண்வெளியிலிருந்து வருவோரைப் பற்றிய திரைப்படம் என்றாலே போரும் அழிவும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு கிண்ணம் சூப்புக்காக வேற்றுக்கிரகவாசி ஒருவன் பூமிக்கு மீண்டும் மீண்டும் வருவதாகக் கதை சொல்லும் படமும் உண்டு. 1981ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்சில் வெளிவந்த 'லா சூப் ஓ ஷூ' என்பதே அது. 'முட்டைக்கோசு சூப்பு' என்பது அதன் பொருள். ரெனே ஃபாலே 1980இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, ழான் ழிரோ இதனை இயக்கினார்.

நடு பிரான்சின் பூர்போனே வட்டாரத்தில் ஒரு குக்கிராமம். அங்கு அண்டை வீட்டாராக இரு முதியவர்கள் வாழ்கின்றனர். ஒருவர் மரக்காலணி செய்தவர். மற்றவர் கிணறு வெட்டியவர். ரப்பர் காலணியும் குழாய்த் தண்ணீரும் வந்தபின் இருவருடைய தொழிலும் மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவை காய்கறித் தோட்டமும் திராட்சை மதுவும் ஒருவருக்கொருவரான துணையும்தான். ஓரிரவு அவ்விருவரும் வயிற்றுக் காற்றை வெளியேற்றிப் போட்டியிட, அவ்வோசையை அழைப்பென எண்ணி 'ஓக்சோ' என்னும் கிரகத்திலிருந்து ஒருவன் வந்து இறங்குகிறான்! இந்தக் கேலியை நாம் பாராட்டப் போவதில்லை. வாசகர் சிரித்தால் கண்டிக்கப் போவதுமில்லை.

ஓக்சோவில் மனிதர் இருநூறு ஆண்டுகள் வாழ்கின்றனர். ஆனால் சுவை என்பதை அவர்கள் அறியார். விருந்தாளி சூப்பைச் சுவைக்கிறான். தன் கிரகத்திற்கும் எடுத்துச் செல்கிறான். நீண்ட ஆயுளைப் பெற்றவர்களுக்கு இல்லாத ஒன்று, பயனற்றவர் என ஒதுக்கப்பட்ட கிழவரின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. படத்தின் உயிர் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

நன்றிக்கடனாக அவன் மரக்காலணிக்காரரின் மறைந்த மனைவியை உயிருடன் கொண்டுவருகிறான், அதுவும் இளம்பெண்ணாக! கணவரோ முதியவர். அவளை வாழ்க்கை வேறு திசையில் அழைக்கிறது. அவரும் அவளைப் போக விடுகிறார். சேர்ந்து முதுமை அடைவதே இல்லறம் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா? இழந்தவரைத் திரும்பப் பெறலாம். இழந்த காலத்தைப் பெற முடியாது.

இதற்கிடையில் ஊர்த் தலைவர் முன்னேற்றத்தின் பெயரால் கேளிக்கைப் பூங்கா ஒன்றை எழுப்ப விரும்புகிறார். இரு முதியவரும் நிலத்தைக் கொடுக்க மறுக்கின்றனர். பூங்கா அவர்களைச் சூழ்ந்துகொள்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேலிக்கு அப்பால் நின்று, குரங்குகளுக்கு எறிவதுபோல் அவர்களுக்கு நிலக்கடலை எறிகின்றனர். அதுவரை சிரித்த நாம் அந்தக் காட்சியில் வாய் மூடுகிறோம். இறுதியில் இருவரும் விண்வெளி நண்பனோடு பூமியை விட்டே புறப்படுகின்றனர்.

மரக்காலணிக்காரராக நடித்தவர் புகழ்பெற்ற லூயி தெ ஃப்யூனேஸ். ழான் கார்மே தோழராகவும், ழாக் வில்ரே விருந்தாளியாகவும் நடித்தனர். தெ ஃப்யூனேஸ் தம் சொந்த வாழ்விலும் காய்கறித் தோட்டத்தையும் ரோஜாச் செடிகளையும் பேணி வளர்த்தவர். 1975இல் மாரடைப்பால் நலிவுற்றபின் அவர் நடித்த சில படங்களுள் இதுவும் ஒன்று. 1983 ஜனவரியில் அவர் காலமானார். படத்தை விமர்சகர் பலர் எள்ளி நகையாடினர். ஆயினும் பிரான்சில் சுமார் 30 இலட்சம் பேர் திரையரங்கில் கண்டனர்.

குடும்பத்தோடு காணலாமா எனில், ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுடன் காணலாம் என்போம். மதுவைப் பெரிதும் வேடிக்கையாகவே காட்டுவது இதன் குறை. அந்தக் கிண்ணங்களுக்குப் பின்னால் இருப்பது தனிமை என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

படத்தின் முடிவு மகிழ்ச்சியானதாகவே தோன்றுகிறது. ஆனால் நமக்கு அது உறுத்துகிறது. இரு முதியவர்கள் தங்களை விரும்பி வரவேற்பாரைத் தேடி வேறு கிரகத்திற்குப் போகவேண்டியதாயிற்று. அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு அதுவரை எத்தனை பேர் வந்தனர்? சூப்பு நன்றாயிருக்கிறது என்று சொல்ல விண்வெளியிலிருந்துதான் ஒருவன் வரவேண்டுமா? அடுத்த தெருவில் இருப்பவர் போதுமே!