தாழ்வு மனப்பான்மை பாவமாய்யா?

போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ப் பக்கம் ஒரு கன்வென்ஷன் கூட்டம். பிரசங்கியார் மைக்கைப் பிடிச்சு முழங்கிக்கிட்டிருந்தார். "தாழ்வு மனப்பான்மை பிசாசோட ஆயுதம்! விசுவாசிக்கு அது இருக்கவே கூடாது!" சுத்தி ஒரே அல்லேலூயா. நான் மட்டும் கம்முனு உக்காந்திருந்தேன்.

காரணம் இருக்கு மக்களே. எனக்குத் திக்குவாய். 'ப', 'க' வந்தா நாக்கு படுத்துக்கும். கண்டக்டர்கிட்ட 'பாளையங்கோட்டை'ன்னு சொல்ல வராம ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுத்து, அங்க இறங்கி, ஆத்துப் பாலத்தைத் தாண்டித் திரும்ப நடந்தே வந்தவன் நான். (சிரிக்காதீங்க, சித்திரை வெயில்!)

எனக்கு 12 வயசு இருக்கும்போது இதே மாதிரி ஒரு கூட்டத்துல ஒருத்தர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தலையில கைவச்சு ஜெபிச்சார். "இப்போ அல்லேலூயா சொல்லு தம்பி"ன்னார். "அல்... அல்..." அவ்வளவுதான் வந்தது. மைக்கைப் பிடுங்கிட்டு, "பையனுக்கு விசுவாசம் பத்தலை"ன்னுட்டார். திக்குவாயோட மட்டும் போனவன், விசுவாசக் குறைவையும் சேர்த்துச் சுமந்துக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சரி, வேதம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை எடுத்துக்கோங்க. பார்வோன்கிட்ட போன்னு ஆண்டவர் சொல்றார். மோசே, 'நான் எம்மாத்திரம்'னு பின்வாங்குறார். அதுக்கு ஆண்டவர், 'உன்னால முடியும், நீ சிங்கம்'னெல்லாம் சொல்லலை. கூட இருப்பேன்னுதான் சொல்றார். மோசே அதோட விடலை, தனக்குப் பேச்சு வராதுன்னும் அழுத்திச் சொல்றார். கடைசியில ஆண்டவருக்குக் கோபமே வந்துடுது. அந்தக் கோபத்துலயும் அவர் செஞ்சது என்ன தெரியுமா? நாக்கைச் சரிபண்ணினதா அங்க ஒரு வரிகூட இல்லை. பேசத் தெரிஞ்ச அண்ணன் ஆரோனைத் துணைக்கு அனுப்பினார். அப்போ மோசேக்கு வயசு 80!

அடுத்து பவுல். அவரோட பேச்சு ஒண்ணுக்கும் உதவாதுன்னு கொரிந்து சபையிலயே நக்கல் பண்ணியிருக்காங்க (2 கொரிந்தியர் 10). அவருக்கு ஒரு முள் வேற. எடுத்துப்போடுங்கன்னு மூணு தடவை வேண்டினார். எடுக்கலை. கிருபை போதும்னு பதில் வந்தது. என்னை மேடை ஏத்தினவர்கிட்ட சிக்கியிருந்தா பவுலுக்கும் 'விசுவாசம் பத்தலை'தான் :-)

நம்ம வீட்டுச் சுவர், கார்க் கண்ணாடின்னு எங்க பார்த்தாலும் ஒட்டியிருக்கே பிலிப்பியர் 4:13, அதுக்கு முந்தின ரெண்டு வசனத்தை வாசிச்சிருக்கீங்களா? விலங்கு மாட்டின ஒரு மனுஷன், பசியிலயும் நிறைவிலயும் மனநிறைவா இருக்கக் கத்துக்கிட்டேன்னு எழுதினது அது. பரீட்சையில முதல் ராங்க் வாங்கவும் பிசினஸ்ல ஜெயிக்கவும் அதை மந்திரமாக்கிட்டோம்.

"அப்போ குறுகிக் கூனியே கிடக்கணுமா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. நானே வெளியில வந்திருக்கேன். எப்படின்னு சொல்றேன்.

16 வயசுல சபையில என்னைப் பாடம் வாசிக்கச் சொன்னாங்க. மாட்டேன்னு அழுதேன். ஓய்வுநாள் பள்ளி அக்கா ஒருத்தங்க, "எவ்வளவு நேரமானாலும் வாசி, நான் பக்கத்துலயே நிக்கேன்"னாங்க. சொன்னபடியே நின்னாங்க. மூணு நிமிஷப் பாடம் எட்டு நிமிஷம் ஆச்சு. 'கிறிஸ்து'ன்னு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் முட்டி நின்னேன். நான் கும்பிடுற ஆண்டவர் பேரே எனக்கு வரலை! அக்கா அசையலை. சபையும் காத்திருந்தது. ஆரோன் யாருன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

இப்பவும் திக்குது. பேச்சுப் பயிற்சிக்கும் போறேன், ஜெபமும் பண்றேன். ரெண்டுக்கும் சண்டை இல்லை. 'என்னால முடியும்'ங்கிற தன்னம்பிக்கைதான் வேணும்னா சுயமுன்னேற்றப் புத்தகமே போதுமே, அதுக்கு எதுக்குய்யா சிலுவை? முடியாதவனையும் கைவிடாத ஒருத்தர் இருக்கார்ங்கிற நிச்சயத்தைத்தான் நான் விசுவாசம்னு சொல்றேன். அது வந்தப்புறம் நாலு பேர் முன்னாடி திக்குறதுக்கு எனக்கு வெக்கமில்லை.

அதனால பிரசங்கியார்களே, அடுத்த தடவை ஒரு பையன் மேடையில தலைகுனிஞ்சு நின்னா, தயவுசெஞ்சு அவன் விசுவாசத்தை அளக்காதீங்க. மைக்கை அவன் கையிலயே விட்டுட்டு, பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க.

டிஸ்கி: இப்பல்லாம் பாளையங்கோட்டைக்கே டிக்கெட் எடுக்கேன். கண்டக்டர் காத்திருக்கட்டும்!