வீதியும் வாத்தியமும்

கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் அமைந்தது கச்சிராயபாளையம். மலைக்கு அப்பால் சேலம் சீமை. மலையைச் சுற்றி ஆத்தூர் வழியாகச் சென்றால் காலையில் புறப்பட்டு இரவுக்குள் சேலம் போய்த் திரும்பிவிடலாம். அந்தச் சேலத்தில் 1882ஆம் ஆண்டு நிகழ்ந்ததை, உற்சவ மூர்த்தியின் பின்னே நடந்து பழகிய அன்பர்கள் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

சுவாமி புறப்பாடு செல்லும் வழியில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதன் எதிரே நாகசுரமும் தவிலும் ஒலிக்கலாமா என்பதே பிணக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 1880இலேயே இதற்கு விடை கூறியிருந்தது. பொது வீதியில் வாத்தியத்துடன் செல்லும் உரிமை உண்டு. பிறர் தொழும் வேளையில் இடையூறு செய்யலாகாது. அமைதி குலையும் எனத் தோன்றினால் மாஜிஸ்திரேட் கட்டளையிடலாம் என்பது அதன் சாரம். குறை காண இயலாத தீர்ப்புதான். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் கலவரம் மூண்டது, பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

தீர்ப்பு இருந்தும் ஏன் இவ்வாறு ஆயிற்று? உரிமை உண்டென்று நீதிமன்றம் சொல்லலாம். அதை எந்த மனத்துடன் பயன்படுத்துவது என்று சொல்ல அதனால் இயலாது. வழக்கு இல்லாத காலத்தில் மேளம் இயல்பாகக் கடந்து போகும் இடத்தில், வழக்கில் வென்ற பிறகு நின்று வாசிக்கச் சொல்லத் தோன்றுகிறது. எதிர்த் தரப்பாரும் முன்பு காதில் வாங்காத ஓசையை அன்று காத்திருந்து கேட்கின்றனர். அப்போது இறைவனை நினைப்பவர் வீதியில் எத்தனை பேர் இருப்பர்?

கலவரத்திற்குப் பின் வந்த தண்டனையும் நேராக விழவில்லை. சேலம் நகராட்சி உறுப்பினராக இருந்த இளம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் தூண்டிவிட்டவர் எனக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. பின்னாளில், 1920இல், நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1982 மார்ச்சில், குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் பகவதி அம்மன் திருவிழாக் காலத்தில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூடு. பிறகு நீதிபதி வேணுகோபால் ஆணையம். தவத்திரு குன்றக்குடி அடிகளார் அமைதிப் பணிக்காக அங்கே சென்றார். போற்றத்தக்க செயல். எனினும் பெரியவர்கள் வந்து சேர்வதற்குள் பிணங்கள் விழுந்துவிடுகின்றன என்பதே இந்த நாட்டின் துயரம்.

முன்கூட்டியே தடுக்க முயன்ற ஏற்பாடு ஒன்று, 1368இல் விஜயநகர மன்னர் முதலாம் புக்கர் செய்தது, சிரவணபெளகொளாவில் கல்வெட்டாக நிற்கிறது. வைணவர்களால் தமக்கு இடர் நேர்கிறது என்று சமணர்கள் மன்னரிடம் முறையிட்டனர். அங்கும் வாத்தியம் வந்ததுதான் வியப்பு! ஐந்து பெருவாத்தியங்களும் கலசமும் சமணர்க்கு முன்போலவே உரியன என்று மன்னர் தீர்ப்பளித்தார். அதனுடன் அவர் நிற்கவில்லை. திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை ஆசாரியர்கள் கூடியிருக்க, சமணரின் கையைப் பிடித்து வைணவர் கையில் கொடுத்தார். சமண நெறிக்கு நேரும் தாழ்வை வைணவர் தமக்கே நேர்ந்ததாகக் கொள்ளவேண்டும் என்றார்.

அதற்கும் மேலே ஒரு கணக்கு உண்டு. நாடெங்கும் சமணர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் வசூல். அதைக் கொண்டு பெளகொளாவின் இறைவனுக்கு இருபது காவலர். மீதத்தில் சிதைந்த ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு. இவற்றுக்குப் பொறுப்பாளர் திருமலைத் தாத்தையா என்னும் வைணவர். யார் மீது புகார் வந்ததோ அவர்கள் வசமே காவலை எழுதிக்கொடுத்துவிட்டார் மன்னர். இடர்ப்பட்டவர்களே காவலுக்குப் பணமும் தரவேண்டியிருந்தது நியாயமா என்று கேட்டால், நியாயம் என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் வரவு, செலவு, பொறுப்பாளர் மூன்றும் கல்லில் இருந்தன. இன்றைய அமைதிக் குழுக்கள் பெரும்பாலும் ஒரு தீர்மானத்தோடும் தேநீரோடும் கலைந்துவிடுகின்றன.

மன்னர் இல்லாத நாளில் அந்தக் கையைப் பிடித்துக் கொடுப்பவர் யார்? கோயில் அறங்காவலரும், பள்ளிவாசல் முத்தவல்லியும், தேவாலயப் பங்குத்தந்தையும் கொடியேற்றத்திற்கு ஒரு மாதம் முன்பே அமர்ந்து, எந்த வீதியில் எந்த நேரம் என்று பேசி, தத்தம் இளைஞர்களைத் தாமே கட்டுப்படுத்த ஒப்புக்கொள்ளும் ஊர்களில் போலீசாருக்கு வேலை குறைவு. அத்தகைய ஊர்களின் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை.

கச்சிராயபாளையம் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டைக் குன்றின்மேல் சமணர்களின் அப்பாண்டைநாதர் கோயில் இருக்கிறது. அதே மாவட்டத்தில் திருக்கோவலூரில் உலகளந்த பெருமாளும் வீரட்டேசுவரரும் எழுந்தருளியுள்ளனர். மூன்று இடங்களிலும் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது.