ஏறுவது குலசையில், உருவாவது எங்கே?

இஸ்ரோவின் சிறிய செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பத்தை 2025 ஜூனில் ரூ.511 கோடிக்கு ஏலம் கேட்டு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் பெற்றிருப்பதும், ஐந்தாண்டுகளில் ரூ.10,000 கோடி முதலீட்டை இலக்காகக் கொண்ட விண்வெளித் தொழில் கொள்கைக்கு அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், ஏவுதளம் அமையும் குலசேகரன்பட்டினத்தை (குலசை) ஒட்டியே தொழிலும் வளரும் என்ற எண்ணம், ஏவும் இடத்தையும் உருவாக்கும் இடத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது.

குலசையின் சிறப்பு புவியியல் தந்தது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட், இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்வதால் எரிபொருளை இழக்கிறது. 500 கிலோவை 500 கி.மீ. உயரத்துக்குச் சுமக்கும் சிறிய கலத்துக்கு அந்த இழப்பு கட்டுப்படியாகாது. உற்பத்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எஸ்.எஸ்.எல்.வி.யின் உயரம் 34 மீட்டர், விட்டம் 2 மீட்டர். வடசென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலுக்காகக் காத்துக் கிடக்கும் நாற்பதடிக் கண்டெய்னர்களில் மூன்றை வரிசையாக வைத்தால், ராக்கெட் அந்த நீளத்துக்குள் அடங்கிவிடும். உலோகம் அறிந்த கைகளும் கப்பல் துறையும் உள்ள வடசென்னையில் செய்து, எரிபொருள் நிரப்பாத பாகங்களாகத் தெற்கே அனுப்புவதற்கு என்ன தடை?

தொழில்நுட்பக் கைமாற்றம் என்றால் என்ன என்பதை வடசென்னையின் திருவொற்றியூர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கற்றுவிட்டது. 1955இல் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித் தருவதே இங்கு வேலையாக இருந்தது. பின்னர் பாகங்களும் படிப்படியாக இங்கேயே தயாராயின. தாய் நிறுவனம் 1970 வாக்கில் மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூரில் தயாரான புல்லட் மோட்டார் சைக்கிள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. வரைபடம் வாங்கியவரைவிட, பாகம் கடைந்தவரிடமே தொழில் தங்கியது என்பதே இதன் பாடம்.

வடசென்னைப் பட்டறைகளுக்கு விண்வெளித் துல்லியம் வராது என்போர், 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோற்றது இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வில் உணரிகள் தடுமாறியதால்தான், எந்த லேத்தின் பிழையாலும் அல்ல என்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர். 2021இல் ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்களை ஏற்றிய ஸ்பேஸ்எக்ஸோடு போட்டியிடும் சந்தையில் விலையே எல்லாம். அந்த விலையைக் குறைப்பவை பளிங்கு அலுவலகங்கள் அல்ல, சிறு பட்டறைகள்.

2023 டிசம்பர் என்ற ஒரே மாதத்தில் எண்ணெய்க் கசிவையும் அமோனியா வாயுவையும் தாங்கிய எண்ணூருக்கு, புகை கக்கும் ஆலைகள் மட்டுமே உரியவை என்பது எழுதப்படாத கொள்கையாகிவிட்டது. எழுதப்பட்ட விண்வெளிக் கொள்கை அதைத் திருத்தாவிட்டால், குலசையிலிருந்து ஏறும் ராக்கெட்டில் தமிழ்நாட்டுக்கு உரியதாக எஞ்சப்போவது ஏவுதளத்தின் மணல் மட்டுமே.