சேவைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கும் செல்வந்தர்களே!

"ஏழைக்கு உதவ இறையச்சம் போதும், எம்.எஸ்.டபிள்யூ. எதற்கு?" சமூகப்பணிப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் சமுதாயப் பெரியவர்களிடமிருந்து வரும் முதல் பதில் இதுதான். காதுக்கு இனிமையான பதில். பையிலிருந்து ஒரு ரூபாய் கூட எடுக்கத் தேவையில்லாத பதில்!

இதே பெரியவர்கள் கடைக் கணக்கெழுத பி.காம். படித்த ஆளைத் தேடுகிறார்கள். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் ஓடுகிறார்கள். பல்வலி வந்தால், "இக்லாஸ் உள்ளவர் யாராவது பிடுங்கி விடுங்கள்" என்று பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்வதில்லை. விதவை, அநாதை, மனநோயாளி என்று வரும்போது மட்டும் நல்ல மனசு போதுமாம்!

நல்ல மனசு எங்கே தோற்றது என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, அங்கே ஒரு மனநோயாளர் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்ற வழக்கை வேறு மேடையில் வைத்துக் கொள்வோம். இங்கே கேள்வி வேறு. தென்மாவட்டங்களில் ஏர்வாடி மண்ணை மிதிக்காத குடும்பம் எத்தனை? அந்த மனிதர்களைச் சங்கிலியோடு பார்த்தோம். சோற்றுப் பொட்டலம் கொடுத்தோம், காசு போட்டோம், கண் கலங்கினோம். இரக்கத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. இவருக்கு என்ன நோய், மருந்து தருகிறார்களா, ஊர் எது, குடும்பம் எங்கே, 1987 மனநலச் சட்டப்படி இந்த விடுதிக்கு உரிமம் உண்டா என்று கேட்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

அப்படிக் கேட்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது சகோதரர்களே! சென்னையில் தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக 1993ல் 'பான்யன்' அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வந்தனா கோபிகுமார், சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் அதைப் படித்தவர். சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்த 2017 மனநலச் சட்டம், மனநல சமூகப்பணியாளர் யார், அவருக்கு என்ன படிப்பு வேண்டும் என்றும் வரையறுத்து வைத்திருக்கிறது.

நம் ஊருக்கே வருவோம். ரமளானில் கொட்டாம்பட்டியிலும் சுற்று வட்டாரத்திலும் சேலையும் அரிசியும் கொடுக்கிறோம். வரிசையில் மூன்று பிள்ளைகளோடு ஒரு விதவை நிற்கிறார். போன வருடமும் நின்றார். அடுத்த வருடமும் நிற்பார். போட்டோ எடுக்கிறோம். (அந்தப் போட்டோவில் அவர் முகத்தை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் கூட நமக்கு வருவதில்லை.) படித்த பணியாளர் ஒருவர் இருந்தால் என்ன செய்வார்? முதலில் உட்கார வைத்துக் கேட்பார். கணவர் நான்குவழிச் சாலையில் லாரி மோதி இறந்தவர் என்றால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டாயிற்றா என்று பார்ப்பார். மேலூர் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை மனு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை என்று ஒவ்வொன்றாக முடிப்பார். மாவட்டத்து முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்துக்கு எழுதுவார். அந்தச் சங்கம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது என்பது நம் வியாபாரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி, ரகசியம் காப்பார். அடுத்த ரமளானில் அந்தப் பெண் வரிசையில் நிற்க வேண்டியிராது.

அந்தப் பணியாளர் பெண்ணாக இருப்பது இன்னும் மேல். தலாக் விவகாரத்தில் ஏழு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் ஜமாஅத் சபையில், தன்னை அடித்த கணவனைப் பற்றி எந்தப் பெண் முழுதாகச் சொல்வாள்?

எத்தீம்கானாக்களின் கதையும் இதுதான். 2015 சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். அதில் உட்காருவதற்கான தகுதிகளில் சமூகப்பணிப் பட்டமும் ஒன்று. எத்தீம்கானாவுக்கு நோட்டீஸ் வந்தால் கொதிக்கிறோம், கண்டனப் போஸ்டர் ஒட்டுகிறோம். அந்த நாற்காலிக்கு மனுப்போடும் தகுதியோடு நம் பிள்ளைகளில் யாரை உருவாக்கினோம்?

பார்சிகளைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 57,264 பேர்தான். பம்பாயில் முஸ்லிம்களும் ஏழைத் தொழிலாளர்களும் நெருக்கி வாழ்ந்த நாக்பாடாவில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1926ல் ஒரு சேவை இல்லம் தொடங்கினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936ல், டாட்டா அறக்கட்டளையின் பணத்தில், இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி பிறந்தது. சென்னையில் 1952ல் இதே படிப்பைக் கொண்டு வந்தவரும் ஒரு பார்சிப் பெண்மணிதான், மேரி கிளப்வாலா ஜாதவ். பாதிரியார் பாடம் படித்தது நம் தெருவில்! நாமோ அதே தெருவில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக் கொண்டிருந்தோம். 1951ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் 1955ல் அதிராம்பட்டினத்தில் காதர் முகைதீன் கல்லூரியும் கட்டத் தெரிந்த வியாபாரச் சமுதாயம்தான் இது. கை நீளாமல் இல்லை, கவனம் இங்கே வரவில்லை.

படிப்பில் குறையே இல்லையா? உண்டு. 500 தொழிலாளர்களுக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அந்த வேலைக்காகவே இந்தப் பட்டம் வாங்கி, ஏழையை விட்டு ஆலை முதலாளியின் அறைக்குப் போனவர்கள் ஏராளம். களப்பணி என்று கிராமத்துக்கு வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போய், திரும்பி வராத மாணவர்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறோம், சேவை செய்யும் நெஞ்சுள்ள நம் பிள்ளையை நாமே அனுப்பி, நாமே வேலை கொடுக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்காதீர்கள். திருக்குர்ஆன் 9:60ல் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் மூன்றாவதாக வருபவர் யார்? அதை வசூலித்துப் பங்கிட உழைக்கும் பணியாளர். உழைப்புக்குக் கூலி உண்டு என்று மார்க்கமே சொல்லியிருக்க, நாம் ஓசியில் ஆள் தேடுகிறோம்! படிப்புக் கட்டணத்துக்கு ஜகாத் கூடுமா என்ற சர்ச்சையே வேண்டாம், அதை சதகாவிலிருந்து கொடுங்கள்.

மதுரை அழகர்கோவில் சாலையில் 1960 முதல் சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பும் தூரம். எந்தப் பட்டம் பெற்றவரும் இரண்டு ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ.வில் சேரலாம். கொட்டாம்பட்டி, மேலூர், துவரங்குறிச்சி வியாபாரிகள் கூடி இந்த ஆண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பட்டும். முடித்து வந்ததும் மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு இப்போதே எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். அந்தக் கணக்கை ஜமாஅத் பலகையில் மாதாமாதம் ஒட்டட்டும். பட்டம் முடித்துவிட்டு செல்போன் கடையில் நிற்கும் இளைஞர்களே, முத்தவல்லி கூப்பிடுவார் என்று காத்திராதீர்கள். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நீங்களே மனுவோடு போய் நில்லுங்கள்.