5 மணி அலாரம் வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க (த்ரெட்)

1/
"காலை 5 மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிடும்"னு தினமும் ரீல்ஸ் போடுறவங்ககிட்ட எனக்கு ஒரே கேள்விதான். நைட்டு எத்தனை மணிக்குப் படுக்கணும்? அதை ஏன் யாரும் சொல்றதில்லை? த்ரெட் கொஞ்சம் நீளம். இப்ப மணி 11-ஐத் தாண்டிடுச்சுன்னா மூடி வச்சுட்டு நாளைக்குப் படிங்க.

2/
அதிகாலையில் எழுவதில் தப்பே இல்லை. இரவு 9:30-க்குப் படுத்து 5-க்கு எழுகிறவர் ஏழரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். அவருக்கு இந்த த்ரெட் தேவையில்லை. நான் பேசுவது நள்ளிரவு 12:30 வரை போன் பார்த்துட்டு 5 மணிக்கு அலாரம் வைக்கிறவரைப் பற்றி. நாலரை மணி நேரத் தூக்கத்துக்கு "டிசிப்ளின்"னு பேர் வச்சிருக்கார்.

3/
இந்த ஃபேஷனுக்கு ரெண்டு புத்தகங்கள் முக்கியக் காரணம். ஹால் எல்ராடின் 'தி மிராக்கிள் மார்னிங்' (2012), ராபின் ஷர்மாவின் 'தி 5 ஏஎம் கிளப்' (2018). 20 நிமிஷம் உடற்பயிற்சி, 20 நிமிஷம் தியானம், 20 நிமிஷம் படிப்புன்னு ஷர்மா ஒரு ஃபார்முலா தருகிறார். நைட்டு சீக்கிரம் படுக்கணும்னும் சொல்றார். 30 செகண்ட் ரீல்ஸா சுருக்கும்போது முதல்ல காணாமப் போறது அந்தப் பகுதிதான்.

4/
பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் ஆய்வுகளை எல்லாம் அலசிச் சொன்ன அளவு இது. "எனக்கு 5 மணி நேரம் போதும் டாக்டர்"னு சொல்றவங்க நிறைய. உண்மையிலேயே அப்படிப் போதுமானவர்கள் ரொம்ப ரொம்ப அபூர்வம்.

5/
ஏன் போதும்னு தோணுது? 2003-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. சிலரை 14 நாள் தொடர்ந்து இரவில் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்க வைத்தார்கள். அவர்களின் கவனத் திறன், ரெண்டு ராத்திரி வரைக்கும் கண்ணே மூடாதவங்க அளவுக்கு இறங்கிடுச்சு. ஆனா அவங்களைக் கேட்டா, "லேசா தூக்கம் வருது, மத்தபடி ஓகே". மூளை மந்தமாகும்போது, மந்தமாகிவிட்டது என்று கண்டுபிடிக்கும் திறனும் சேர்ந்தே போயிடுது.

6/
அடுத்தது ரோடு. 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் செயல்திறன், சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் குறைகிறது என்று 2000-இல் ஒரு ஆய்வு காட்டியது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03%. காலை 5-க்கு எழுந்தவர் இரவு 10-க்கு பைக்கில் வீடு திரும்பினால் சரியா 17 மணி நேரம். போலீஸ் ஊதச் சொல்ற மெஷின்ல தூக்கம் காட்டாது.

7/
சர்க்கரையும் கெடும். 1999-இல் சிகாகோவில் 11 ஆரோக்கியமான இளைஞர்களை 6 இரவு தொடர்ந்து 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். ஆறே நாளில் அவர்கள் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்தது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிற ஊர்ல, ஆரோக்கியத்துக்காகன்னு சொல்லித் தூக்கத்தை வெட்டுறோம்.

8/
ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்க கவனமா படிங்க. இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கிறவர் விடியற்காலையில் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம்னு வரும். பாக்கெட்ல குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நடக்கும் நேரத்தை உங்க டாக்டர்கிட்ட சொல்லி அளவைக் கேளுங்க.

9/
உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுது. அதை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருடைய கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. சிலர் இயல்பிலேயே சீக்கிரம் தூங்கி சீக்கிரம் எழுவாங்க, சிலர் லேட். பதின்வயதில் எல்லோருக்குமே அது கொஞ்சம் பின்னால தள்ளிப் போகும்.

10/
அதனால பெற்றோருக்கு ஒண்ணு. நைட்டு 12 வரை டியூஷன், ஹோம்வொர்க். காலை 4 மணிக்கு "விடியக்காலைல படிச்சாதான் மனசுல பதியும்"னு பிளஸ் டூ பிள்ளையை எழுப்புறீங்க. படித்தது நினைவில் பதியும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. படிக்க வச்சுட்டு, பதியுற நேரத்தைப் புடுங்கிடுறோம்.

11/
சரி, இந்த ஊர்ல 4 மணிக்கே எழுந்திருக்கிறது யாரு? தோவாளைக்குப் பூ கொண்டு வர்றவங்க. கோயம்பேட்டில் மூட்டை இறக்குறவங்க. தெருப் பெருக்கும் தூய்மைப் பணியாளர். பால் பாக்கெட் போடுற தம்பி. அதிகாலை எழுந்தால் பணம் கொட்டும்னா இவங்க எல்லாரும் இன்னைக்குக் கோடீஸ்வரங்க. இவங்க எழுந்தா அதுக்குப் பேரு பொழப்பு. ஏசி ரூம்ல ஒருத்தர் எழுந்து டைரி எழுதினா மட்டும் "மைண்ட்செட்".

12/
இதைவிட எனக்குக் கோபம் வர்ற இடம் சமையலறை. வேலைக்குப் போகும் பெண்ணின் 5 மணி எப்படி இருக்கும்? குக்கர், சட்னி, மூணு டிபன் பாக்ஸ், தண்ணி மோட்டார், பிள்ளைக்குத் தலை பின்னுறது, மாமியாருக்கு மாத்திரை, 7:40 பஸ். முந்தின நாள் ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கவே 11:30. அதே வீட்ல ஹால்ல ஒருத்தர் தியானம் பண்ணிட்டு இருப்பார். அவருக்குக் காபியும் வரும்.

13/
மிகைப்படுத்தலைங்க. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருத்தர்தான் அந்த வேலையில் கை வைக்கிறார்.

14/
அந்த அக்காதான் எங்க ஓ.பி.க்கு வர்றாங்க. "உடம்பு அசதியா இருக்கு சார், தலை வலிக்குது, ஒரு சத்து ஊசி போடுங்க." ரத்தசோகை, தைராய்டு, சுகர் எல்லாம் பார்ப்போம். பலருக்கு அதில் ஏதாவது இருக்கும், மருந்து தருவோம். சிலருக்கு எல்லாமே நார்மல். தூக்கம் எவ்வளவுன்னு கேட்டா அஞ்சு மணி நேரம். "வீட்டில் வேறொருவர் காய் நறுக்கவும்"னு ஓ.பி. சீட்டில் எழுதினா, எந்த மருந்துக் கவுன்டரில் கொடுப்பாங்க?

15/
என்னைக் கேட்டா, தமிழ்நாட்டில் காலை நேரத்தை நிஜமாவே மாத்தினது எந்தப் புத்தகமும் இல்லை, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளை பள்ளியில் சூடா உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுது. வேலைக்கு ஓடுற அம்மாவுக்கு ஒரு வேலை குறையுது. ஜால்ரான்னு கமென்ட் போட வர்றவங்க, அந்த அம்மாவைக் கேட்டுட்டு வாங்க.

16/
ஐ.டி. மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. லிங்க்ட்இன்ல "மை மார்னிங் ரொட்டீன்" போடுற நீங்கதான் இரவு 10:30-க்கு டீம் குரூப்ல "குயிக் கால்?"னு கேக்குறீங்க. உங்க டீமோட காலையைக் கெடுக்குறது அந்த மெசேஜ்தான்.

17/
நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தனி. இரவுப் பணியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் (2ஏ) வைத்திருக்கிறது. 2019-இல் மறுபடி பார்த்தும் எடுக்கவில்லை. காலை 8-க்கு வீடு வர்ற நர்ஸுக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் மார்னிங் ரொட்டீன்னா தூக்கம்தான். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்க, காலிங் பெல்லை அணைங்க, பகல்ல தூங்குறவங்களைச் சோம்பேறின்னு சொல்லாதீங்க.

18/
"எங்க தாத்தா 4 மணிக்கு எழுந்து 90 வயசு வரை இருந்தாரே?" இருந்திருப்பார். 8:30-க்கு விளக்கை அணைச்சுட்டுப் படுத்தும் இருப்பார். அவரோட 4 மணியை மட்டும் எடுத்துக்கிட்டு 8:30-ஐ விட்டுட்டா எப்படி?

"காலையில்தான் எனக்குன்னு ஒரு மணி நேரம் கிடைக்குது டாக்டர்." நியாயம்தான். அந்த ஒரு மணி நேரத்தை ராத்திரி போன்கிட்ட இருந்து எடுங்க, தூக்கத்துகிட்ட இருந்து எடுக்காதீங்க.

19/
அப்போ என்னதான் பண்றது?

• பின்னாலிருந்து கணக்குப் போடுங்க. 8 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும், தயாராக ஒன்றரை மணி நேரம்னா 6:30-க்கு எழணும். அப்ப 11-க்குள்ள தூங்கியிருக்கணும், 10:30-க்குப் படுக்கணும்.
• ஞாயிறு உட்பட எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறக்கூடாது.
• சார்ஜர் ஹால்ல இருக்கட்டும். அலாரத்துக்கு ஒரு பழைய டைம்பீஸ் போதும்.

20/
• காபியில் பாதி, உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4-க்கு மேல் வேண்டாம்.
• எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ 10 நிமிஷம் வெளிச்சத்தில் நில்லுங்க. உடம்புக் கடிகாரத்தைச் சரி பண்ண அதுதான் சாவி.
• உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிடம் போதும். சாயங்காலம் நடந்தாலும் கணக்குதான்.
• தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணியோட. காபி, டிபன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சு.

21/
• காய் நறுக்குறது, யூனிஃபார்ம் எடுத்து வைக்கிறது, பேக் அடுக்குறது எல்லாம் முந்தின நாள் 9 மணிக்கு. வீட்ல இருக்கிற எல்லாரும் சேர்ந்து. "ஹெல்ப் பண்றேன்"னு சொல்லாதீங்க சார், அது உங்க வீடும்தான்.
• 7 மணி நேரம் தூங்கியும் பகல்ல தூங்கி விழுறீங்க, பலமா குறட்டை விடுறீங்கன்னா டாக்டரைப் பாருங்க. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினையா இருக்கலாம், சிகிச்சை இருக்கு.

22/
இவ்வளவும் செஞ்ச பிறகு உங்களுக்கு 5 மணிக்கே விழிப்பு வந்தா சந்தோஷமா எழுந்திருங்க. எழுந்ததும் முதல்ல அடுப்படியை எட்டிப் பாருங்க. அங்க ஏற்கெனவே ஒருத்தர் நின்னுட்டு இருந்தா, நாளைக்கு அவங்க தூங்கட்டும், அந்தக் குக்கரை நீங்க வைங்க.

உங்களுக்கு 5 மணி ரீல்ஸ் அனுப்பின நண்பருக்கு இதையும் அனுப்புங்க. ராத்திரி 10-க்கு மேல மட்டும் அனுப்பாதீங்க.